சைக்கிளுக்கு எந்த ஸ்பேனர் வாங்கலாம்?

ஹார்டுவேர் கடையில் போய் "சைக்கிளுக்கு ஸ்பேனர் வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். திருகை உருட்டி வாயை நகர்த்தும் ஒரு 8 இன்ச் ஸ்குரூ ஸ்பேனர், அல்லது எட்டு உருப்படி உள்ள டபுள் எண்டு ஸ்பேனர் செட், அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் பளபளவென்று அடுக்கிய 46 உருப்படி சாக்கெட் செட். மூன்றும் உருப்படியான சாமான்கள்தான். ஆனால் எதை மட்டும் வாங்கிப் போனாலும், வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு உட்கார்ந்த பிறகு ஏதாவது ஒரு நட்டில் வேலை நின்றுவிடும். எந்த நட்டில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை வருவது நல்லது.

நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: சக்கரத்தின் நடு, சீட்டுக்கு அடி, ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் இடம், பிரேக். எல்லாவற்றிலும் ஆறுமூலை நட்டு வெளியே தெரிந்தால் அது நட்டு வண்டி. அப்பா காலத்து ரோட்ஸ்டர், பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள், குழந்தைகள் வண்டி எல்லாம் ஏறக்குறைய இந்த வகை. போல்ட்டின் தலையில் ஆறுமூலைக் குழி இருந்தால் அது அலன் கீ வண்டி, அதாவது குழிக்குள் ஆறுமூலைக் கம்பியை நுழைத்துத் திருப்பும் வகை. கியர் சைக்கிளும் ஹைபிரிடும் இப்படித்தான் வருகின்றன. இரண்டும் கலந்த வண்டிகளும் நிறைய உண்டு. சக்கரத்தில் நட்டு, ஹேண்டிலில் அலன் குழி என்றிருக்கும் விலை குறைந்த எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வகை அதற்கு நல்ல உதாரணம். நட்டு வண்டிக்காரர் நல்ல அலன் கீ செட்டுக்குக் காசு போடத் தேவையில்லை. அலன் வண்டிக்காரருக்கு எட்டு ஸ்பேனரில் ஆறு சும்மாவே கிடக்கும்.

முதலில் ஸ்குரூ ஸ்பேனரையே எடுத்துக்கொள்வோம். ஒரே சாமான், எல்லா நட்டுக்கும் பொருந்தும், விலையும் குறைவு என்பதுதான் அதன் கவர்ச்சி. நாம் இன்று பார்க்கும் வடிவம் ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1890களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கியது. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வொரு அளவில் நட்டு செய்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய உபகாரம். இன்று சைக்கிளில் இருக்கும் நட்டுகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட நாலைந்து மில்லிமீட்டர் அளவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியிருக்க வாயை நகர்த்தி நகர்த்திப் பொருத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

அதன் கோளாறு எங்கே என்றால், நகரும் வாய் எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆடும். நட்டின் ஆறு பக்கத்தில் இரண்டை மட்டுமே அது பிடிக்கிறது. அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தால், மொத்த அழுத்தமும் பக்கத்திலிருந்து மூலைக்குப் போய்விடும். துருப்பிடித்த நட்டு அசைந்து கொடுப்பதற்குள் மூலை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைப் பிறகு எந்த ஸ்பேனராலும் பிடிக்க முடியாது. வைஸ் பிளையர், அறுக்கும் பிளேடு என்று கதை நீளும். சைக்கிள் பிரேக்கில் வரும் சின்ன நட்டுகள் மெல்லியவை, மிருதுவான இரும்பு. ஸ்குரூ ஸ்பேனர் முதலில் பலி வாங்குவது அவற்றைத்தான்.

அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு முறை இருக்கிறது. நட்டின்மேல் வைத்த பிறகு திருகை இன்னும் கொஞ்சம் உருட்டி வாயை நன்றாக நெருக்க வேண்டும். அப்புறம், நகரும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போது பெரும்பாரம் அசையாத வாயின்மேல் விழும். எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தால் ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டால் சரியாகிவிடும். கடைகளில் கூட இதைக் கவனிக்காமல் திருப்புகிறவர்கள் அதிகம்.

இவ்வளவு குறை சொன்னாலும் ஸ்குரூ ஸ்பேனருக்கு வேறு எதுவும் ஈடாகாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் பெரிய நட்டு. ஹேண்டில் சுழலும் அந்த மூட்டுக்கு ஹெட்செட் என்று பெயர். ஒரு இன்ச் குழாயில் மரை உள்ள ஹெட்செட் என்றால் நட்டு 32 நம்பர், அதாவது 32 மி.மீ. வீட்டுச் செட் எதிலும் அந்த அளவு வராது. ஆனால் 8 இன்ச் ஸ்குரூ ஸ்பேனரும் ஏறக்குறைய 24 மி.மீ. வரைதான் திறக்கும். இந்த வேலைக்கு 12 இன்ச் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது, பழைய இங்கிலாந்து வண்டிகள். அவற்றின் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய இன்ச் அளவு முறையில் இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் படுத்தும். தாத்தாவின் ராலே சைக்கிளைப் பராமரிக்கிறவர் ஸ்குரூ ஸ்பேனரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இனி நிலையான அளவு ஸ்பேனர்கள். நம் ஊரில் கிடைக்கும் எட்டு உருப்படி டபுள் எண்டு செட்டில் வழக்கமாக 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று வரும். டாபரியா போன்ற பழகிய கம்பெனிச் செட் என்றால் வாய் சீக்கிரம் விரியாது. சைக்கிளுக்கு இதில் அடிக்கடி கையில் வருவது 8-9, 10-11, 12-13, 14-15 ஆகிய நான்குதான். பிரேக்கில் 8, 9, 10. சீட்டு கிளாம்பில் பெரும்பாலும் 13 அல்லது 14. சக்கர நட்டில் 15, முன்சக்கரத்தில் சில வண்டிகளுக்கு 14. 16க்கு மேலே இருப்பவை பைக்குக்கும் வீட்டுக் குழாய்க்கும் உதவும். அந்த வேலைகளும் வீட்டில் உண்டு என்றால் செட்டாகவே வாங்கலாம். சைக்கிள் மட்டும்தான் என்றால் கடைக்காரரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதே லாபம். உதிரியாகத் தர மறுக்கும் கடை குறைவு.

தனியாக வாங்கும்போது 10க்கும் 15க்கும் காம்பினேஷன் ஸ்பேனராக வாங்கச் சொல்வேன். அதில் இரண்டு முனையும் ஒரே அளவு. ஒரு முனை திறந்த வாய், மறுமுனை ரிங். இறுகிப்போன நட்டை ரிங்கால் அசைத்துவிட்டு, லூசான பிறகு திறந்த வாயால் மளமளவென்று கழற்றலாம். ரிங் நட்டை எல்லாப் பக்கமும் சூழ்ந்து பிடிப்பதால் மூலை மழுங்காது. திறந்த வாய்க்கு வேறு ஒரு வசதி: அதன் தலை கைப்பிடியிலிருந்து 15 டிகிரி சாய்ந்திருக்கும். மட்கார்டு கம்பியும் ஸ்டாண்டும் நெருக்கும் இடத்தில் கொஞ்சம் திருப்பி, ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி கொஞ்சம் திருப்பி என்று 30 டிகிரி இடத்திலேயே வேலையை முடித்துவிடலாம். பின்சக்கர நட்டுக்கு மேல் கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டியிருக்கும் ரோட்ஸ்டரில் இந்தச் சாய்வின் அருமை தெரியும்.

செட் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செட்டில் 15 ஒன்றுதான் இருக்கும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் 15 நட்டு. ஒரு பக்கத்தைத் திருப்பும்போது சில வண்டிகளில் உள்ளே அச்சே சேர்ந்து சுற்றும். மறுபக்கத்தை இன்னொரு 15ஆல் பிடித்துக்கொள்ளாமல் வேலை நடக்காது. திரும்பப் பூட்டும்போதும், பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாமல் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது நல்லது. பிரேக் கேபிளைப் பிடிக்கும் போல்ட்டிலும் இதே கதைதான். நட்டை இறுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து திரும்பி கேபிளை முறுக்கும். பின்பக்கம் ஒன்று, முன்பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பேனர் வேண்டும்.

அந்த இரண்டாவது 15ஐ இன்னொரு காம்பினேஷனாக வாங்குவதைவிட பெடல் ஸ்பேனராக வாங்கிவிடுவது கெட்டிக்காரத்தனம். பெடல் அச்சின் தட்டையான பக்கமும் 15தான். ஆனால் பெடலுக்கும் அதைத் தாங்கும் கிராங்கு என்ற கைக்கும் நடுவே இருக்கும் சந்து மிகக் குறுகல், சாதாரண 15இன் தடித்த தலை பல வண்டிகளில் அதில் நுழையாது. பெடல் ஸ்பேனர் மெல்லியது, நீளமானது. நீளம் ஏன் முக்கியம் என்று கணக்குப் பார்த்தால் புரியும். பெடலுக்குச் சொல்லப்படும் இறுக்கம், முறுக்கு விசையை அளக்கும் கணக்கில், 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. நீள ஸ்பேனரில் அதற்கு ஏறக்குறைய 20 கிலோ பாரம் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் மழையில் நனைந்த பெடல் கழல்வதற்கு அதைவிட அதிகம் கேட்கும். ஸ்பேனர் ஒன்றரை மடங்கு நீளமானால் பாரம் அந்த அளவுக்குக் குறையும்.

பெடலைக் கழற்றும்போது திசையையும் சொல்லிவிடுகிறேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலது, இடது என்று குழம்பாமல் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, அதன் நுனியைப் பின்சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இது ஒன்றுதான். கியர் வண்டி என்றால் செயினை முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பெடல் திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது கைவிரல் முட்டி போய் மோதுவது அந்தப் பல்லில்தான். சில புதிய பெடல்களில் 15 பிடிக்கத் தட்டையான பக்கமே இருக்காது. கிராங்குக்கு உட்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 நம்பர் அலன் கீ போட வேண்டும்.

சாக்கெட் செட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எல்லாக் கடைகளிலும் தொங்கும் அந்த 46 உருப்படிப் பெட்டியில் சாக்கெட்டுகள் பெரும்பாலும் 4 முதல் 14 வரைதான். சைக்கிளுக்கு முதலில் வேண்டிய 15 அதில் இல்லை. அலன் பிட்டுகளும் குட்டையாக இருக்கும், பாட்டில் கூடு மாட்டுகிற ஆழத்தில் எட்டாது. மிக்ஸி கழற்ற நல்ல பெட்டி. அதேபோல, இரண்டு முனையிலும் குண்டுகுண்டாகப் பல ஓட்டைகள் உள்ள டம்பெல் ஸ்பேனர். விலை சொற்பம், சட்டைப் பையில் போகும். ஆனால் தலை தடிமன், ஓட்டைகள் தாராளம், கைப்பிடி குட்டை. வழியில் லூசாகிப்போன மட்கார்டை இறுக்க வண்டிப் பையில் கிடக்கலாம். வீட்டுக்கு வேண்டாம்.

அலன் கீ விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகத் தேர்வு செய்ய வேண்டும். ஏனென்றால் நட்டு மழுங்கினால் வெளியிலிருந்து எதையாவது மாட்டி இழுக்கலாம். அலன் குழி மழுங்கினால் பிடிக்க இடமே இருக்காது, துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சைக்கிளில் 4, 5, 6 மூன்றும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், சீட்டு, பாட்டில் கூடு, வி-பிரேக், டிஸ்க் பிரேக்கின் காலிபர் என்று 5 வராத இடமே இல்லை. கிராங்க் போல்ட்டுக்கும் சில பெடலுக்கும் 8, கியர் செட்டிங்குக்கும் லீவருக்கும் 2 முதல் 3 வரை. டிஸ்க் தட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் மட்டும் பெரும்பாலும் ஆறு இதழ் நட்சத்திரக் குழி இருக்கும். அது டார்க்ஸ் டி25. 5 நம்பரை அதில் நுழைத்து அழுத்துகிற வேலை வேண்டாம்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மில்லிமீட்டரும் இன்ச்சும் கலந்த அலன் செட்டுகள் விலை மலிவாகக் கிடைக்கின்றன. அதில் 3/16 இன்ச் கீ 4.76 மி.மீ. பார்த்தால் 5 நம்பர் போலவே இருக்கும், 5 நம்பர் குழியில் சுலபமாக நுழையும், கொஞ்சம் ஆடும். அழுத்தித் திருப்பினால் குழி வட்டமாகிவிடும். வீட்டில் அப்படிக் கலந்து கிடந்தால் அந்த ஒரு கீயை எடுத்துத் தனியே போட்டுவிடுவது நல்லது.

மடக்கு கத்தி போல மடங்கும் செட்டா, தனித்தனி எல் வடிவமா என்பது அடுத்த கேள்வி. மடக்கும் செட் ஓட்டும்போது எடுத்துப்போக. அதன் உடம்பு தடிமனாக இருப்பதால் பாட்டில் கூட்டின் போல்ட்டிலும் பிரேக் ஓரத்திலும் முழு வட்டம் சுற்ற இடம் போதாது. வீட்டுக்கு எல் வடிவம்தான், அதிலும் நீளக் கை உள்ளது. நீளக் கையின் நுனி உருண்டையாக இருக்கும் வகை கொஞ்சம் விலை கூட. 25 டிகிரி வரை சாய்வாக நுழைத்தும் திருப்பலாம், சீட்டுக்கு அடியில் நேராகக் கை நுழையாத இடத்தில் அருமையாக உதவும். கடைசி இறுக்கலை மட்டும் உருண்டை நுனியால் செய்யக் கூடாது. அதன் கழுத்து மெல்லியது, குழியையும் முழுதாகப் பிடிக்காது. குட்டைக் கையைக் குழியில் முழுதாக உட்கார வைத்து, நீளக் கையை அழுத்தி முடிக்க வேண்டும். குழிக்குள் காய்ந்த சேறு இருந்தால் கீ பாதிதான் உட்காரும். முதலில் ஒரு ஊக்கால் நோண்டி எடுத்துவிடுங்கள். குழி கெடுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சேறு.

எவ்வளவு இறுக்குவது என்பதிலும் இரண்டு வகை வண்டிக்கும் வேறுபாடு உண்டு. நட்டு வண்டியில் பெரும்பாலும் போதாமல் இறுக்கித்தான் பிரச்சினை வரும். சக்கர நட்டு 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும். அலன் வண்டியில் அதிகமாக இறுக்கித்தான் கெடுக்கிறோம். ஸ்டெம் போல்ட்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். 8 செ.மீ. நீளக் கையின் நுனியில் ஆறு கிலோ எடை அளவு அழுத்தினால் 5 வந்துவிடும். அதாவது இரண்டு விரலால் அழுத்தும் வேலை. அலுமினிய மரையில் முழங்கை பலத்தைக் காட்டினால் மரை தூளாக வெளியே வரும். கார்பன் ஹேண்டிலோ கார்பன் சீட் குழாயோ உள்ள வண்டி என்றால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குவது செலவே இல்லை, வண்டி விலையைப் பார்த்தால் தெரியும். இரும்பு வண்டிக்கும் சாதாரண அலுமினிய வண்டிக்கும் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னும் இரண்டு ஸ்பேனர்கள் பாக்கி. ஹப்புக்குள் பால்ரஸ் குண்டைச் சரிசெய்யும் கோன் ஸ்பேனர் சுமார் 2 மி.மீ. தடிமன்தான், முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 13, பின்சக்கரத்துக்கு 15. சாதாரண ஸ்பேனர் அந்தச் சந்தில் நுழையாது. கோன் ஸ்பேனரை வைத்துப் பெடல் கழற்றினால் அதன் வாய் விரிந்துவிடும். வருடம் ஒருமுறை ஓவராயிலிங் செய்யக் கடைக்குப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் ஸ்போக் கீயும் அப்படித்தான் என்பேன், ஆனால் சொந்தமாகக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் விலை பெரிதில்லை. ஸ்போக்கின் நுனியில் இருக்கும் சின்ன நட்டான நிப்பிளின் அளவைப் பார்த்து வாங்கினால் போதும். 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று மூன்று அளவு அதிகம் புழங்குகிறது. மூன்றுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. ஒரே வட்டத்தில் எட்டுப் பத்து வெட்டு உள்ள ஸ்போக் கீயில் தவறான வெட்டு சுலபமாக மாட்டிக்கொள்ளும், பித்தளை நிப்பிள் நொடியில் மழுங்கும். சக்கரத்தையே கடைக்கு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து, ஒரே அளவு உள்ளதாக வாங்கலாம்.

ஆக, எந்த வீட்டுக்கு எது? குழந்தை வண்டி மட்டும் உள்ள வீட்டுக்கு 14-15 ஒன்று, 10-11 ஒன்று, 12-13 ஒன்று, ஒரு 5 நம்பர் அலன் கீ. சீட்டை உயர்த்துவதும் பக்கச் சக்கரத்தைக் கழற்றுவதும்தான் அங்கே வேலை. ரோட்ஸ்டரோ அரசு சைக்கிளோ என்றால் 15 காம்பினேஷன், பெடல் ஸ்பேனர், 8-9, 10 காம்பினேஷன், 12-13. கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னை அடிக்கும் வேலையை மட்டும் கடைக்கு விட்டுவிடலாம், அதற்கு ஸ்பேனரைவிடச் சுத்தியல் கை முக்கியம். கியர் வண்டிக்கு நல்ல எல் வடிவ அலன் செட், ஒரு டி25, ஒரு பெடல் ஸ்பேனர், கேபிளுக்காக 9, 10. சக்கரத்தில் நட்டு இருந்தால் ஒரு 15 சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வண்டியும் இருக்கிற வீட்டில் எட்டு உருப்படிச் செட்டும் அலன் செட்டும் ஒரு டி25உம் பெடல் ஸ்பேனரும் வாங்கிவிட்டால் வேறு எதுவும் தேவைப்படாது.

காசு கொஞ்சம் தாராளமாக இருந்து, ஒரே சாமானில்தான் முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஸ்குரூ ஸ்பேனரைவிட மேலான ஒன்று உண்டு: ஜெர்மனியின் நிபெக்ஸ் போன்றவர்கள் செய்யும் பிளையர் ரெஞ்ச். பல் இல்லாத இரண்டு வாயும் இணையாகவே நெருங்கி, கைப்பிடியை அழுத்த அழுத்த இடைவெளி இல்லாமல் பிடிக்கும். 7 இன்ச் அளவே 40 மி.மீ. வரை திறக்கும், ஹெட்செட் நட்டும் அதில் அடங்கும். ஆனால் அந்த விலைக்கு மேலே சொன்ன ரோட்ஸ்டர் பட்டியல் முழுதையும் வாங்கி மீதிக்கு ஒரு டப்பா கிரீசும் வாங்கலாம். கழற்றிய பெடலைத் திரும்ப மாட்டும்போது மரையில் அதைக் கொஞ்சம் தடவிவிட்டால், அடுத்த முறை அந்தப் பெடல் ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.